கடப்பாரையால் கடன் விளக்கிய கதை

தனக்கே அரைகுறையாகப் புரிந்ததை ஊருக்கே விளக்கத் துடிக்கிற வயது ஒன்று உண்டு. எனக்கு அது இருபத்து நாலு.

விழுப்புரத்தில் எம்.பி.ஏ. முடித்த கையோடு, திண்டிவனம் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிரிடும் விவசாயிகள் சேர்ந்து தொடங்கிய எண்ணெய்க் கம்பெனியில் மேனேஜர் ஆனேன் (மூன்று மாதம் சோதனைக் காலம்). அவர்களின் பங்குப் பணத்தில் ஒரு செக்கு வாங்கலாம். நானோ இன்னும் ரெண்டு செக்குக்குக் கடன் வாங்கச் சொன்னேன்.

"கடன் வாங்கிப் போட்டா நம்ம காசுக்கு லாபம் பல மடங்கு. இதுக்குப் பேருதான் லெவரேஜ்" என்று கூட்டத்தில் முழங்கினேன்.

தலைவர் கன்னியம்மா அக்கா, பெருமுக்கல்லில் சொந்த நிலத்தில் பயிர் வைப்பவர். "இன்னா சார் சொல்லிக்கினு இருக்கீங்க? ஒண்ணும் புரியல" என்றார்.

லெவரேஜ் என்றால் நெம்புகோல் சமாச்சாரம்தானே. கடப்பாரை ஒன்றை வரவழைத்தேன். அடியில் செங்கல், ஒரு நுனியில் மல்லாட்டை மூட்டை. "மூட்டைதான் லாபம், கடப்பாரைதான் கடன்" என்று மறுநுனியை அழுத்தினேன். மூட்டை எழும்பியது. கைதட்டினார்கள். அத்தோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். போர்டில் எழுதிய லாபக் கணக்கைக் காட்டக் கையை எடுத்தேன். மூட்டை கீழே போனது, கடப்பாரை மேலே வந்தது, நடுவில் என் வாய் இருந்தது.

முன்பல்லில் பாதியைத் தேடி எடுத்துக் கொடுத்தவர் அக்காதான். ரத்தம் நின்றதும் கேட்டார். "தூக்கறத சொன்னீங்க சார். வெள்ளாமை கெட்டு கை நழுவிச்சின்னா யார் வாயில அடிக்கும்னு சொல்லவே இல்லியே?"

லாபத்தைப் பெருக்கும் கடன் நஷ்டத்தையும் பெருக்கும், செக்கு நின்றாலும் வட்டி நிற்காது என்று பாடத்திலேயே இருந்தது. (பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன்.) வீங்கிய உதட்டோடு தலையை மட்டும் ஆட்டினேன்.

ஒரே ஒரு செக்குக்குக் கடன் என்று தீர்மானம் போட்டார்கள். அடுத்த பட்டத்தில் மழை ஏமாற்றியது. பாதி மல்லாட்டைகூட வரவில்லை. அந்த ஒரு தவணையைக் கட்டவே நாக்குத் தள்ளிவிட்டது. நான் கேட்டபடி வாங்கியிருந்தால் அத்தனை பேர் பங்குப் பணமும் என் வேலையும் ஒன்றாக முழுகியிருக்கும். அன்று என்னைத் துரத்தாமல், உதட்டுக்குத் தையல் போட பஸ் ஏற்றிக் கூட்டிப் போனார்கள். அந்த நன்றிக்காகவே பல்லைக் கட்டாமல் விட்டுவிட்டேன்.

வீட்டில் நான் கடன் பேச்சை எடுத்தால் மனைவி வட்டி எவ்வளவு என்று கேட்பதே இல்லை.

"எங்க, ஈன்னு காட்டுங்க" என்பாள்.

காட்டுவேன்.

"கேட்டதுல பாதி போதும்" என்று எழுந்து போய்விடுவாள்.