தண்ணீர் விடாத புட்டிங்

அபிராமபுரம்,
17-6-1997

சௌபாக்கியவதி ஹம்சாவுக்கு,

ஆசீர்வாதம். இங்கே நான் நலம், ஃப்ரிட்ஜும் நலம். நாக்பூரில் நீயும் நம் வர்ஷினியும் புதுப் பேத்தியும் நலம் என்பதில் சந்தேகமே இல்லை. நலமாக இருப்பதால்தானே ஊர் திரும்ப மனசு வரவில்லை உனக்கு!

கோபமாக எழுதவில்லை. இன்னும் இரண்டு மாதம் இருந்துவிட்டே வா. மே இருபதாம் தேதி வருகிறேன் என்றாயே, அதை நம்பி உனக்காகக் கார்ன்ஃப்ளவர் புட்டிங் செய்தேன். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் நான் அடுப்பில் வைத்த முதல் பாத்திரம். தட்டில் கவிழ்த்ததும் லேசாக ஆடியது பார், ஃப்ரிட்ஜைத் திறந்துவைத்து அதையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. மறுநாள், குழந்தைக்குச் சளி, அடுத்த வாரம் வருகிறேன் என்று உன் கடிதம். மூன்றாம் நாள் புட்டிங் சுருங்கி, சுற்றிலும் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றது. கொட்டிவிட்டு மறுபடி செய்தேன். வர்ஷினி வீட்டு வேலைக்காரி நின்றுவிட்டாள் என்று நீ மறுபடி தள்ளிப்போட்டாய். அதுவும் தண்ணீர் விட்டது.

கீழ்வீட்டு அன்வரி பேகம்தான் சொன்னாள்: "மாவு மட்டும் போட்டா, நாளானா தண்ணி வுடத்தான் சார் செய்யும். பாதாம் பிசின் கொஞ்சம் ஊறப்போட்டு அரைச்சு சேருங்க, தண்ணிய புடிச்சு வெச்சுக்கும்."

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்கத் தோன்றவில்லை. மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ வாங்கி முழுவதையும் ஊறப்போட்டேன். அது குடிக்கக் குடிக்க நானும் தண்ணீர் ஊற்றினேன். காலையில் உன் இட்லிப் பானை, குக்கர், அண்டா எல்லாம் பளபளவென்று பிசின். "இன்னா சார் இது, கல்யாண வூடா கீது? ஒரு ஸ்பூனு போதும் சார்!" என்று அன்வரி பேகம் தலையில் கைவைத்துக்கொண்டாள். மிச்சத்தைத் தெரு முழுக்க சர்பத்துக்குக் கொடுத்தோம்.

ஒரு ஸ்பூன் சேர்த்த புட்டிங் ஒன்பது நாளாக ஒரு சொட்டு விடவில்லை. நேற்று மத்தியானத் தூக்கத்தில் கபாலீஸ்வரர் கோயில் குளமே பால் புட்டிங்காக உறைந்திருந்தது. அதன்மேல் நீ செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு அவசரமும் இல்லாமல் என்னை நோக்கி நடந்து வந்தாய். பாதி வழியில் பால்காரன் மணியடித்துவிட்டான்.

ஆகவே நிதானமாக வா. வர்ஷினிக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசீர்வாதம், பேத்திக்கு ஒரு முத்தம்.

இப்படிக்கு,
ராமானுஜம்

பி.கு: புட்டிங்கை இப்போதுதான் அன்வரி பேகத்திடம் கொடுத்தேன். இன்னும் ஒரு வாரம் தாங்குமாம். என்னால்தான் முடியவில்லை. நாளை வண்டிக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். வெயிட்டிங் லிஸ்ட்தான், உட்கார்ந்தே வந்துவிடுவேன். இந்தக் கடிதம் எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தால், பிரிக்காமல் என்னிடம் கொடுத்துவிடு.