சகாயராணியின் நம்பர் இறங்கிவிட்டது

மாதா துணை

திண்டுக்கல்
19.8.2004

மரியாதைக்குரிய சூசை மச்சானுக்கு, தங்கள் தங்கை கணவன் கஸ்பார் கைகூப்பி எழுதுவது. இங்கு யாவரும் சுகம். அங்கு உங்கள் சுகத்தைப் பிறகு விசாரிக்கிறேன், இப்போது அதற்குப் பொறுமையில்லை. உங்கள் தங்கச்சியின் நம்பர் இறங்கிவிட்டது மச்சான்!

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு, மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் உம்மு சல்மா ஓர் ஆராய்ச்சிக்காகச் சகாயராணி ரத்தத்தில் சைட்டோகைனை அளந்து வருகிறார். உடம்பில் புண், வீக்கம் என்றால் ஆள் விட்டு ஊரைக் கூட்டுகிற சரக்கு அது. சும்மாவே கூடிக்கொண்டு போனால் நோய் திரும்புமோ என்று சந்தேகப்படுவார்களாம். போன மாதம் அது மூன்று மடங்கு ஏறிவிட்டது! எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வீக்கத்துக்குக் காரம் ஆகாதென்று நானே முடிவுகட்டி மிளகாய் வத்தலை எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன், வெஞ்சனத்தில் புளியை நிறுத்தினேன், அவளுக்குக் கோபமே வரக்கூடாதென்று டிவி சீரியலை நிறுத்தினேன், அதற்குத்தான் அம்புட்டுக் கோபம் வந்தது. "நோய் எனக்கா உங்களுக்கா? செத்த நேரம் சும்மா இருங்க" என்கிறாள். எப்படி இருப்பேன் மச்சான்? அவ இல்லாம நான் என்னத்துக்கு ஆவேன்? பயந்துட்டேன்.

டாக்டரம்மா பதறவில்லை. "ஒரு நம்பரை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, இது ஜாதகம் இல்ல. வேற எங்கயாச்சும் புண்ணு இருக்கா?" என்றார். இவள் காலைப் பெஞ்சுக்கடியில் இழுத்தாள். பார்த்தால் குதிகாலில் கருவேல முள், சீழ் பிடித்து எலுமிச்சங்காய் போல வீங்கியிருக்கிறது! நம்பர் ஏறிவிடக்கூடாதென்று, ரத்தம் எடுப்பதற்கு முந்தின வாரமே கன்னிவாடிப் பக்கத்து மாதா கோயிலுக்குச் செருப்பில்லாமல் நடந்திருக்கிறாள், நடந்ததாலேயே நம்பர் ஏறியிருக்கிறது! பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற டீச்சர் செய்கிற வேலையா இது? நான் சத்தம் போடுவேன் என்று மறைத்தாளாம். முள்ளை எடுத்து, புண் ஆறி, நேற்று மறுபடி பார்த்தார்கள். இறங்கிருச்சு மச்சான், பழைய இடத்துக்கே இறங்கிருச்சு! ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று சத்தமாகவே அழுதேன்.

பெண்களின் இந்த நேர்ச்சைப் பைத்தியத்தை நீங்கள்தான் கண்டிக்க வேண்டும். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் மாதா எல்லா வரமும் தரட்டும்.

இப்படிக்கு,
கஸ்பார்

பி.கு.: அண்ணே, சகாயராணி எழுதுறேன். நான் நடக்கிறதா நேர்ந்துக்கிட்டதே இவருதான். செருப்பு போட்டுக்கிட்டு, எனக்குக் குடை பிடிச்சுக்கிட்டு, கூடவே வந்தாரு. முள் குத்துனதைச் சொன்னா, நேர்ச்சையில ஏதோ குறைன்னு மறுபடியும் நடக்க வச்சிருவாருன்னுதான் சொல்லல. இப்ப நன்றிக்கு நான் நேர்ந்திருக்கேன், இவரு நடக்கிறதா. ஒரு தடவை இல்ல, இருபது வருஷத்துக்கு, வருஷா வருஷம். குடை பிடிச்சுக்கிட்டு நான் கூடவே போவேன்.