டெய்ஸிக்கு வயது பத்தாது

திருநெல்வேலிச் சீமையில் மாதம் மும்மாரி பெய்ததற்கும், தாமிரபரணியில் கோடையிலும் தண்ணீர் ஓடியதற்கும், டெல்லியில் தர்பார் நல்லபடியாக நடந்து முடிந்ததற்கும் ஒரே காரணம்தான் இருக்க முடியும். சிவசண்முகம் பிள்ளை பொறுப்பாக இருந்தார். காலையில் எழுந்ததும் பொறுப்பாகப் பல் விளக்குவார். பொறுப்பாக விபூதி பூசிக்கொள்வார். மூன்று தோசை தின்றபிறகு நாலாவது தோசையின் சாதக பாதகங்களைத் தீர யோசித்து, அப்புறம்தான் அதையும் தின்பார். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று காரியம் செய்கிற மனிதர் அல்ல.

இப்பேர்ப்பட்டவர் கையில்தான் டெய்ஸி வந்து சேர்ந்தாள். சீமைக்குப் புறப்பட்ட ஒரு துரை தம் பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார். ஊரெல்லாம் நாற்காலி மேஜைக்கு அடித்துக்கொண்டபோது பிள்ளை மட்டும் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெள்ளை உடம்பு, ஒரு கண்ணைச் சுற்றிக் காப்பி நிறம். ஃபாக்ஸ் டெரியர் என்று ஜாதி. கூடவே ஒரு காகிதம். அதில் டெய்ஸியின் பாட்டன், முப்பாட்டன் பெயரெல்லாம் இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. பிள்ளைக்குத் தம் வம்சத்தில் பாட்டனாருக்கு மேலே ஒரு பெயரும் தெரியாது. அதனால் டெய்ஸியிடம் அவருக்கு ஒரு மரியாதையே உண்டாகிவிட்டது. 'சைவ வீட்டில் நாயா?' என்று கேட்டவர்களுக்கு, 'பைரவர் வாகனம்' என்று பதில் சொன்னார். பைரவரிடம் இருந்தது எந்த ஜாதி என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

டெய்ஸிக்கு ஒரு வயது ஆனது. உடனே மகா பெரிய கேள்வி ஒன்று எழுந்தது. டெய்ஸி குட்டி போடலாமா? போடலாம் என்றால் எப்போது? இதைத் தனியொரு மனிதர் தீர்மானிப்பது நியாயமாகாது என்று பிள்ளை ஒரு சபை கூட்டினார். அதற்கு 'சாரமேய விவாக பரிபாலன சபை' என்று நாமகரணம். சாரமேயம் என்றால் வடமொழியில் நாய். நாய்க் கல்யாணக் கமிட்டி என்று வைத்தால் ஊர் சிரிக்கும் என்பது காரியதரிசியான வக்கீல் தாணுமாலையன் பிள்ளையின் அபிப்பிராயம். ஆலோசனை சொல்ல மேலப்பாளையத்து மாட்டு டாக்டர் அசன் முகம்மது அழைக்கப்பட்டார்.

"மொதல்ல ஒண்ணு கேக்கேன், பிள்ளைவாள். எதுக்குக் குட்டி?" என்றார் டாக்டர்.

சபை திகைத்துப் போயிற்று.

"எதுக்குன்னா?" என்றார் பிள்ளை. "பொட்டையாப் பொறந்தா குட்டி போடத்தானே வேணும்."

"அப்படி ஒரு சட்டம் கெடையாது. போடாமலே இருந்தாலும் அது நல்லாத்தான் இருக்கும். போட்டுத்தான் ஆகணும்னா, பொறக்கிற குட்டி எந்த வீட்டுக்குப் போகும், அங்கன அதை ஒழுங்கா வச்சுக்கிடுவாங்களா, அதைப் பாத்துட்டு ஆரம்பிங்க."

இந்த வார்த்தை பிள்ளையின் நெஞ்சில் தைத்துவிட்டது. மறுநாளே வில்வண்டி பூட்டி, குட்டி கேட்டிருந்த வீடுகளுக்கெல்லாம் நேரில் போனார். ஒரு வீட்டில் வீட்டுக்காரர் முன்கோபி என்று தள்ளினார். இன்னொரு வீட்டில் மாமியாருக்கு வாய் நீளம் என்று வாசலோடு திரும்பினார். காரியதரிசியே தமக்கு ஒரு குட்டி வேண்டும் என்று பல்லைக் காட்டினார்.

"உம்ம வீட்டுல ராத்திரிச் சாப்பாட்டுக்கு நேரம் காலமே கெடையாது வே. பச்சப்பிள்ளை பசி தாங்குமா?" என்று பிள்ளை தாட்சண்யமில்லாமல் மறுத்துவிட்டார்.

அடுத்தது வரன். தூத்துக்குடியில் ஒரு பருத்திக் கம்பெனித் துரையிடம் மேஜர் என்று அதே ஜாதியில் ஒரு நாய் இருந்தது. அதற்கும் காகிதம் உண்டு. இரண்டு காகிதங்களையும் வைத்துப் பார்த்த வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பிள்ளைவாள், இந்த மேஜர் யாரு தெரியுமா வே? நம்ம டெய்ஸியோட ஆத்தாளுக்குக் கூடப்பொறந்தவன். தாய்மாமன். உரிமை மாப்பிள்ளை."

கடல் தாண்டி வந்த ஜாதியிலும் முறை தவறாமல் வரன் அமைந்ததே என்று சபைக்கு மெய்சிலிர்த்தது. டாக்டர் அன்று வரவில்லை. அவரைக் கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. மேஜரை ரயிலில் அனுப்பிவைக்கச் சொல்லித் தூத்துக்குடிக்குத் தந்தி பறந்தது.

மாப்பிள்ளையை எதிர்கொள்ளப் பிள்ளையே டேசனுக்குப் போனார். அதே வண்டியிலிருந்து அவருடைய மூத்த அக்காள் மகன் குற்றாலலிங்கமும் இறங்கினார். ஸ்ரீவைகுண்டத்தில் அணைக்கட்டுத் தண்ணீர் பாய்கிற வயலும் வாழைத் தோட்டமும் உள்ளவர். மாமாவுக்கு நாலே வயது இளையவர், அதாவது நாற்பது. ஏற்கெனவே இரண்டு கல்யாணம். இரண்டு பேரும் பிள்ளைப்பேற்றில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மூத்தவள் போகும்போது அவளுக்குப் பதினாலு.

"மாமா, நம்ம சுந்தரிக்கும் பன்னெண்டு ஆயிட்டுல்லா. வாற தையில முடிச்சிருவோமா?" என்றார் குற்றாலலிங்கம்.

சுந்தரி என்கிற சண்முகசுந்தரி பிள்ளையின் ஒரே மகள். பிள்ளை அப்போது மேஜரின் கூண்டுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வழியில தண்ணி வச்சானுவளா இல்லையான்னு தெரியலையே. நாக்கு வறண்டு கெடக்கு. என்னலே கேட்டே? சுந்தரியா? உரிமைதானலே, முடிச்சிருவோம்."

ஆக, கூண்டை இறக்கி முடிப்பதற்குள் சண்முகசுந்தரியின் கல்யாணமும் நிச்சயமாயிற்று. சபை கிடையாது, காரியதரிசி கிடையாது. பெண் வாழப்போகிற வீட்டை ஒரு நடை போய்ப் பார்க்க வில்வண்டியும் பூட்டவில்லை. பொறுப்புள்ளவர்கள் சில்லறைக் காரியங்களில் நேரத்தை வீணாக்குவதில்லை.

வீட்டுக்கு வந்து, மேஜர் சுகமாக வந்து சேர்ந்த செய்தியை மனைவி ஆவுடைத்தாயிடம் முதலில் சொன்னார். வெற்றிலை போட்டுக்கொண்டு மற்றதையும் சொன்னார்.

ஆவுடைத்தாய் வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தாள். "அவருக்கா? ரெண்டு பிள்ளையளை வாரிக் கொடுத்த வீடுல்லா அது. இவ இன்னும் தெருவுல பாண்டி ஆடிக்கிட்டுத் திரியுதா. கொஞ்சம் யோசிக்கப்பிடாதா?"

"இதுல யோசிக்க என்னளா இருக்கு? ஊரு ஒலகத்துல நடக்கிறதுதானே. நாளைக்குக் காலையில டாக்டர் வாராரு. டெய்ஸிக்குக் காலையில வயித்தைக் காயப் போடணுமாம், பால் கீல் வச்சிராதே."

அன்று இரவு ஆவுடைத்தாய் சாப்பிடவில்லை. சுந்தரியும் சாப்பிடவில்லை. பிள்ளைக்கு டெய்ஸி சரியாகச் சாப்பிடவில்லையே என்று ஒரே கவலை.

மறுநாள் காலை சபை கூடியது. விருந்தாளியாகத் தங்கிவிட்ட குற்றாலலிங்கம் பெஞ்சியில் சம்மணம் போட்டு, புது நாகரிகமான காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் மேஜரின் வாயைத் திறந்து பார்த்தார்.

"பாதிப் பல்லைக் காணோம். கெழட்டுக் கடுவன். இதைப் போயி மாப்பிள்ளைன்னு கொண்டாந்திருக்கீங்களே."

"தாய்மாமன், டாக்டர். உரிமை," என்றார் வக்கீல்.

"உரிமை கெடக்கட்டும். ரெத்தம் இவ்வளவு கிட்டத்துல இருந்தா குட்டிகளுக்கு நல்லதில்ல. சரி, பொண்ணு எங்கன?"

பெண் பெரிய கட்டிலுக்கு அடியில் பதுங்கியிருந்தாள். இழுத்து வரச் சொல்லிப் பிள்ளை மகளை அனுப்பினார். சுந்தரி கட்டிலுக்கு அடியில் நுழைந்தாள். உறுமல் கேட்டது.

"விடுங்க, இழுக்காதீங்க," என்றார் டாக்டர். "இஷ்டமில்லாததைப் பிடிச்சு வச்சுக் கட்டாயப்படுத்தப்பிடாது. பாக்கிறதுக்கு வளந்தாப்புல தெரியும், பிள்ளைவாள். உள்ளுக்குள்ள எலும்பு முத்தலை. இப்பச் சினையாச்சுன்னா தாயும் போயிரும், குட்டியும் போயிரும். இன்னும் ஒரு வருசமாவது ஓடி வெளையாடட்டும். அதுக்கப்புறம் வேணுமா வேண்டாமான்னு பேசுவோம்."

பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கவஸ்திரத்தால் துடைத்துக்கொண்டார்.

"கேட்டீரா வே? தாயும் போயிருமாம். பச்ச மண்ணு. எங்கயோ பொறந்து நம்மளை நம்பி வந்திருக்கு. நாமதானே பாத்துச் செய்யணும்."

"ஆமா மாமா, பாவம்லா. வாயில்லாச் சீவன்," என்று குற்றாலலிங்கமும் உச்சுக் கொட்டினார்.

டெய்ஸிக்கு வயது பத்தாது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. டாக்டர் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தார். அப்போது அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"டாக்டர் சாயபு போறதுக்கு முன்னால, ஸ்ரீவைகுண்டத்து மாப்பிள்ளையையும் ஒருதடவை வாயைத் தொறந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்க."

அந்த வீட்டுக்கு வாழ வந்த நாள் முதல் அந்நிய ஆண்கள் காதில் விழும்படி ஆவுடைத்தாய் பேசியது கிடையாது. குற்றாலலிங்கம் திறந்திருந்த வாயைச் சட்டென்று மூடிக்கொண்டார். வக்கீல் உத்தரத்தை எண்ணத் தொடங்கினார்.

"ஏளா, பெத்த பிள்ளையை நாயோட சேத்துப் பேசுதியே. நாக்கு கூசலையா?" என்றார் பிள்ளை.

"கூசத்தான் செய்யுது. நாய்க்குப் பாத்ததுல பாதியாவது பிள்ளைக்கும் பாருங்கன்னு கேக்க வேண்டியிருக்கே, அதான் கூசுது."

"அத்தை, என்ன பேச்சு இது?" என்றார் குற்றாலலிங்கம். அத்தை அவரைவிட வயதில் சின்னவள்.

பிள்ளை மனைவியை விட்டுவிட்டு மகள் பக்கம் திரும்பினார். "சுந்தரி, நீ வெளிய வா," என்று கட்டிலைப் பார்த்து அதட்டினார். யாரும் வரவில்லை. தொந்தியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். இருட்டில் சுந்தரி டெய்ஸியைக் கட்டிக்கொண்டு, முழங்காலை மடக்கிச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

"அப்பா, டெய்ஸிக்குச் சொன்னாப்புல எனக்கும் சொல்லச் சொல்லுங்கப்பா."

"என்னத்த?"

"வயசு பத்தாதுன்னு."

டெய்ஸிக்கு எந்தப் பால்பல் எப்போது விழுந்தது என்று பிள்ளைக்குத் தெரியும். மகள் நேற்று ராத்திரி சாப்பிட்டாளா என்று தெரியாது. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சபைக்கு அக்கிராசனர் அல்லவா? நிமிர்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"காரியதரிசிவாள், தீர்மானத்துல ஒரு திருத்தம். டெய்ஸிக்குன்னு இருக்கிற எடத்துல டெய்ஸிக்கும் சண்முகசுந்தரிக்கும்னு போட்டுக்கிடும்."

டாக்டர் சபையில் அங்கத்தினர் இல்லை. என்றாலும் முதலில் கை தூக்கியவர் அவர்தான்.

"எனக்குப் பொண்ணு கெடைக்காமலா போயிரும்?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார் குற்றாலலிங்கம். தூத்துக்குடியில் அவருக்கு இன்னும் வாழைக்காய் வியாபாரம் பாக்கி இருந்தது. வந்த மாப்பிள்ளைகள் இருவரும் சாயந்தரம் ஒரே வண்டியில் திரும்பிப் போனார்கள்.

பிள்ளையின் புகழ் பக்கத்து வண்ணாரப்பேட்டை வரைக்கும் பரவியது. பெண்குலத்தின் ரட்சகர் என்று சபையே அவருக்கு ஒரு பாராட்டுத் தீர்மானம் போட்டது. அதை முன்மொழிந்தவரும் அவரே.

தை பிறந்தது. குற்றாலலிங்கத்துக்கு ஆத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் கல்யாணம் நடந்தது. மாமன் முறைக்குப் பிள்ளை முன்வரிசையில் உட்கார்ந்து, மொய் எழுதி, பந்தியில் பாயசம் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

"பொண்ணுக்கு என்ன வயசு?" என்று கேட்டாள் ஆவுடைத்தாய்.

"நம்ம சுந்தரி வயசு இருக்கும்."

"பெத்தவன் ஒரு வார்த்தை யோசிக்கலையா?"

பிள்ளை மடியில் கிடந்த டெய்ஸியின் தலையைப் பையத் தடவிக் கொடுத்தார்.

"என்ன செய்ய? பாவம், அந்த வீட்டுல நாய் கெடையாதுளா," என்றார்.