பட்டினி கிடந்த குழாய்

திருவண்ணாமலையில் கறி ஓட்டலுக்குத் தினமும் வந்து, ஒரு கவளம்கூடத் தின்னாமல் போன ஒரே மனிதர் எங்கள் குழாய் டாக்டர்தான். எழுபதுகளின் கடைசி. அஞ்சாம் வகுப்போடு நின்ற நான், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓட்டல் வைத்து, தாசில்தார் ஜீப்பையே வாசலில் காக்க வைத்த காலம்.

டாக்டர் நேராகச் சமையல்கட்டுக்கு வருவார். ஆட்டு இதயத்தோடு வரும் தடித்த ரத்தக்குழாயை வாங்கி, சாப்பாட்டு மேசையில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்ப்பார். பக்கத்து இலைக்காரர் பாதிச் சோற்றில் எழுந்து ஓடுவார்.

அதில் அப்படி என்னதான் இருக்கிறது? எனக்கு மண்டை குடைந்தது. அவரை அசத்த, ஒருநாள் குழாயை நானே சுரண்டி, வெள்ளை வெளேரென்று கழுவி, இலையில் வைத்து நீட்டினேன். என் கைச் சுத்தம் ஊரறிந்தது.

அலறிவிட்டார். "அடப்பாவி, நான் பாக்க வந்ததையே சுரண்டிட்டியேய்யா!"

"அழுக்கைத்தானே எடுத்தேன்?"

"அழுக்கா? குழாய்க்குச் சோறு போற வழிய்யா அது!"

மறுநாள் சுரண்டாத குழாயைக் காட்டினார். மேல்தோலில் மயிரிழை போலச் சிவப்பாகக் குட்டிக் குழாய்கள்.

"உள்ளதான் ரத்தம் ஆறா ஓடுதே டாக்டரே, குழாய்க்கு இன்னா குறை?"

"உள்பக்கச் சுவரு அதுல ஆக்சிஜன் எடுத்துக்கும். சுவரு தடிமன்யா, வெளிப்பக்கம் வரைக்கும் எட்டாது. அதுக்கு இந்தக் குட்டிங்கதான் கொடுக்கணும். இதுங்க அடைச்சிக்கினா சுவரு மூச்சு முட்டிக் கெட்டுப்போவும். அங்கதான் கொழுப்பு படியுதுன்றது என் கட்சி. சிகரெட்டு வேற ஆக்சிஜனைக் கம்மி பண்ணிடும்" என்றபடி ஒன்றைப் பற்றவைத்தார்.

ஒரு மதியம் என் வாசற்படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து நோயாளிக் கூட்டம். வயிற்றில் டீயும் புகையும்தான். கார் பிடித்து வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இனி சிகரெட்டைத் தொட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றார்கள்.

திரும்பி வந்த அன்றே பூதக்கண்ணாடியோடு ஆஜர். சட்டைப்பையில் சிகரெட் பெட்டி.

"குழாய் எங்கய்யா?"

"பெட்டி அடுப்புல போவணும். இலையில சோறு தீரணும். அப்பறம்தான் குழாய்."

"மிரட்டறியா?"

"ஊருக்கெல்லாம் ரத்தம் கொண்டுபோற குழாய், தான் பட்டினி கெடந்தா கெட்டுப்போவும்னு யாருங்க சொன்னது?"

முறைத்தார். பெட்டியை அடுப்பில் வீசிவிட்டு இலை முன்னால் உட்கார்ந்தார். அப்புறம் பல வருஷம் என் கடையில்தான் மதியச் சோறு.

அவர் கட்சி சரியா என்று படித்தவர்கள் சொல்லட்டும். அவர் போய் நாளாயிற்று. ஆட்டு இதயம் கழுவும்போது அந்தக் குழாயின் மேல்தோலை மட்டும் சுரண்ட எனக்கு இன்னும் கை வருவதில்லை.