பதினோரு ஓடும் ஒரு தோசைத் திருப்பியும்

படித்துத் தெரிந்துகொள்வதற்கும் செய்து தெரிந்துகொள்வதற்கும் நடுவே ஒரு கூரை அளவு தூரம் உண்டு. அதை நான் தவழ்ந்தே அளந்திருக்கிறேன்.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்கள். ஒரகடத்தில் ஒரு புதுத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் டிரெயினி நான். வேலை நிரந்தரமாகுமா, இல்லை சங்கரன்கோவிலுக்கே பஸ் ஏற வேண்டியதுதானா என்று மேனேஜர் அந்த வாரம் முடிவு செய்ய வேண்டும்.

வரவேற்பறைக்கு மட்டும் வெளிநாட்டு முதலாளியின் ஆசைப்படி தார் ஓடு வேய்ந்திருந்தார்கள். அட்டை மாதிரி இருக்கும். மீன் செதில்போல ஒன்றின்மேல் ஒன்று படுத்திருக்கும். ஒன்று கிழிந்தால், மேல் ஓட்டை நோகாமல் தூக்கி, அடியில் ஒளிந்திருக்கும் ஆணியைப் பிடுங்க வேண்டும். அதற்கென்றே கூடவே ஒரு கருவியும் வந்திருந்தது. முழங்கை நீளத் தட்டை இரும்பு, நுனியில் ஆணியைக் கவ்வ ஒரு பிளவு. அதன் கையேட்டை நான் இரண்டு முறை படித்திருந்தேன். (ஆகவே நிபுணன்.)

ஆயுத பூஜையன்று எல்லாக் கருவிகளுக்கும் நடுவில், சந்தனம் குங்குமம் வைத்து, அதை நிமிர்த்தி நிறுத்தியவன் நான்தான்.

“இன்னா சார் இது, வேலா, சூலமா?” என்றார் ஸ்டோர் கீப்பர் முனுசாமி. வடக்குப்பட்டுக்காரர்.

“முக்கியமான டூல்ணே. நாளைக்கு மறுபூஜை முடியுத வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது.”

பொரிகடலை தீர்வதற்குள் காற்றோடு மழை. ஓர் ஓடு கிழிந்து, வரவேற்பறைச் சோபாவின் நடுவில் சொட்டியது. மறுநாள் ஒன்பது மணிக்கு அதே சோபாவில் வெளிநாட்டு விருந்தாளிகள் உட்கார வேண்டும். மறுபூஜையோ பத்தரைக்கு.

“அண்ணே, அதை மட்டும் எடுத்துக்கிடுதேன்...”

“நீதான சார் தொடக்கூடாதுன்ன? சாமியாண்ட வெச்சிட்டு பாதில புடுங்குவியா?”

பூஜைக்கு வராமல் தப்பியது கேன்டீன் தோசைத் திருப்பி ஒன்றுதான். தட்டை, நீளம், உறுதி. கையேட்டுப் படத்துக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. வாங்கிக்கொண்டு ஏறினேன்.

ஓட்டுக்கடியில் அழகாக நுழைந்தது. ஆணி அசையவில்லை. நெம்பினேன். மேல் ஓடு கிழிந்தது. அதை மாற்ற, அதற்கும் மேலே உள்ளதைத் தூக்க வேண்டும். அதுவும் கிழிந்தது. இப்படியே ஏறி முகட்டைத் தொட்டதும் நின்றேன். அதற்குமேல் கிழிக்க வானம்தான் இருந்தது.

கீழேயிருந்து முனுசாமி கத்தினார்: “ஒண்ணுதான சார் கிழிஞ்சிருந்திச்சி? பதினோரு ஜன்னல் வெச்சிட்டியே!”

மனதுக்குள் பெட்டி கட்டியபடி அறைக்குப் போனேன்.

காலையில் வந்தால், கூரையைக் காணோம். மேலே நீலத் தார்ப்பாய். நாலு மூலையிலும் வாழைக்கன்று, சுற்றிலும் சாமந்திச் சரம், மாவிலை. விருந்தாளிகளோடு வந்த மேனேஜர் திகைத்து நின்றார்.

“பூஜைப் பந்தல்னு சொல்லு சார்,” என்றார் முனுசாமி அவர் காதோரம்.

மேனேஜர் அப்படியே சொன்னார். விருந்தாளிகள் ஷூவைக் கழற்றிவிட்டு, கும்பிட்டுக்கொண்டே சோபாவில் உட்கார்ந்தார்கள். போட்டோ வேறு. மேனேஜர் தார்ப்பாயைப் பார்த்தார், தார் அப்பிய என் பேன்ட்டைப் பார்த்தார்.

மறுபூஜை முடிந்ததும் முனுசாமி கருவியை எடுத்தார். கையேட்டைக் கண்ணால்கூடப் பார்க்காத மனிதர், சாப்பாட்டு மணிக்குள் பதினொன்றையும் மாற்றினார். நான் ஆணி எடுத்துக் கொடுத்தேன். மறுவாரம் வேலை நிரந்தரமானது. மேனேஜர் போட்ட ஒரே நிபந்தனை, நான் ஏணியைத் தொடக்கூடாது.

அந்த ஆலையில் ஆயுத பூஜைக்கு வரவேற்பறைமேல் நீலத் தார்ப்பாய் கட்டுவது அப்புறம் சம்பிரதாயமாகிவிட்டது. ஏன் என்று இப்போது அங்கே யாருக்கும் தெரியாது.

என் மனைவிக்குத் தெரியும். வீட்டில் குழாய் ஒழுகி, நான் ஸ்பேனரைத் தேடி எழுந்தால் போதும், கையைப் பிடித்து உட்கார வைத்துவிடுவாள்.

“ஒண்ணுதானே ஒழுகுது? இருந்துட்டுப் போகட்டும்.”