இன்னொண்ணு பாயும் நெயில் பாலிஷ் குழாயும்

செம்பாக்கம் ஏரிக்கரையிலிருந்து தாம்பரம் ஸ்டேஷன் வரை குடியிருக்கும் அத்தனை பேரின் திறந்த வாயையும் ஒருவர் பார்த்திருக்கிறார். அவர் பல் டாக்டர் இல்லை. எங்கள் தெரு முனையில் குழாய், வாஷர், குளியலறைத் தாழ்ப்பாள் விற்ற கடைக்காரர். அவருக்குப் பெயர் உண்டு, கடைப் பலகையிலேயே எழுதியிருந்தது. ஆனால் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒரு படம் எடுத்து முடித்ததும் இடது கை ஆள்காட்டி விரலைத் தூக்கி "இன்னொண்ணு" என்பார். எடுத்ததும் மறுபடி "இன்னொண்ணு". அதனால் அவர் இன்னொண்ணு பாய்.

பாய்க்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. எங்காவது மைக் செட் சத்தம் கேட்டால் போதும், பாதி அளந்த ஹோஸ் பைப்பை வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிட்டு, "புடிச்சிக்குங்க சார், வந்துடறேன்" என்று ஸ்கூட்டரை எடுத்துவிடுவார். கேமரா ஸ்டாண்டு பின்சீட்டில் குறுக்காகக் கிடக்கும். வேளச்சேரி ரோட்டில் அவருக்கு இரண்டு பக்கமும் யாரும் வண்டி ஓட்ட முடியாது. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினாலும், தர்காவில் சந்தனக்கூடு கிளம்பினாலும், சர்ச் தேர் வந்தாலும், கவுன்சிலர் தண்ணீர்த் தொட்டி திறந்தாலும் அங்கே பாய் நிற்பார். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். கூப்பிட்டவர்கள் இரண்டாம் முறை கூப்பிட்டதில்லை.

காரணம், அவர் படம் எடுக்கும் முறை. மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். எதிரே இருக்கும் கூட்டத்தைத்தான் எடுப்பார். "மேடைய எல்லாரும் எடுக்கறாங்க. பாக்கறவங்கள யார் எடுக்கறது?" என்பது அவர் கட்சி. தண்ணீர்த் தொட்டித் திறப்பு விழாவுக்கு அவர் எடுத்த படங்களில் தொட்டியும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. வாயைத் திறந்து அண்ணாந்து பார்க்கும் தெரு மட்டும் இருந்தது. பள்ளி ஆண்டு விழாவில் ஒரு அம்மா, மேடையில் ஆடும் தன் பெண்ணை எடுக்கச் சொன்னார். பாய், பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாவின் முகத்தை எடுத்துக் கொடுத்தார். ஒரு கல்யாணத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணின் அப்பாவிடம் போய் விரலைத் தூக்கி "இன்னொண்ணு" என்றார். அந்த மனிதர் என்ன நினைத்தாரோ, மறுபடியும் அழுதார்.

கோவளத்திலிருந்து கூடையோடு வரும் மீன்கார அம்மா ஒருமுறை, பெரிய வஞ்சிரம் கிடைத்த சந்தோஷத்தில் அவரைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். பிரிண்ட் வந்ததும் கடை வாசலில் சண்டை.

"இன்னா பாய், மீன எடுக்க சொன்னா என் மூஞ்சிய எடுத்துகினு வந்துகீற. மீனு எங்க?"

"மீன நீ பாக்கறல்ல, அது தெரியுது பாரு."

அந்த அம்மா படத்தை உற்றுப் பார்த்தார். "பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ" என்று சொல்லிவிட்டு, படத்தைக் கூடையில் மீன் படாத பக்கமாக வைத்துக்கொண்டு போனார்.

எடுப்பது ஒரு பங்கு என்றால் வைத்துக்கொள்வது மூன்று பங்கு. எல்லாவற்றையும் பிரிண்ட் போடுவார். ஒரு மழைக்கு ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் வந்து ஆல்பமெல்லாம் களி மாதிரி ஆனதிலிருந்து, படங்களைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, பிளாஸ்டிக் குழாய்க்குள் செருகி, இரண்டு பக்கமும் மூடி மாட்டி வைக்க ஆரம்பித்தார். கடையில் குழாய்க்கா பஞ்சம்? தனி ஆள் படமென்றால் ஒன்றரை இஞ்ச், குடும்பம் என்றால் இரண்டரை, தேர்க் கூட்டம் என்றால் நாலு இஞ்ச். அடுத்த வெள்ளத்தில் குழாயெல்லாம் வீட்டுக்குள் மிதந்தன. பாய் கட்டில் மேல் ஏறி நின்று அதைப் படம் எடுத்தார்.

நான் மென்பொருள் சோதனை வேலை பார்ப்பவள். எதையும் வரிசை போட்டு, ஒவ்வொன்றாக டிக் அடித்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அந்த ஒரே தகுதிக்காக எங்கள் அடுக்ககச் சங்கத்தில் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். தேதி வாரியாக ஸ்கேன் செய்து தருகிறேன் என்று பாயிடம் பலமுறை சொன்னேன். ஒவ்வொரு முறையும் "செய்யலாம்மா" என்றபடியே ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிடுவார்.

பிரச்சினை போன வருடக் கடைசியில் வந்தது. அவர்கள் வீட்டை இடித்து அடுக்ககம் கட்ட பில்டரிடம் கொடுத்தார்கள். அது முடியும்வரை கூடுவாஞ்சேரியில் மூன்றாவது மாடியில் ஒரு சின்ன ஃபிளாட். கட்டிலுக்கு அடியிலும் பரணிலும் பீரோவுக்குப் பின்னாலும் இருந்த குழாய்களை வெளியே இழுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, அவர் மனைவி ஜரீனா ஆன்ட்டி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். பேக்கிங்குக்கு உதவப் போன நானும் நின்றேன்.

"ஊர்ல இருக்கற அத்தன மூஞ்சியும் என் கட்டிலுக்கு அடியில கெடக்கு. என் மூஞ்சி எங்கங்க?"

"உன்னது இருக்கு. தனியா இருக்கு. முழு லெங்த்."

முழு லெங்த் என்றால் வெட்டாத பத்தடிக் குழாய். மற்றவர்களுக்கெல்லாம் முழம் கணக்கு.

"என்னைய எப்ப எடுத்தீங்க? இருந்தா காட்டுங்க. காட்டினா அத்தனையும் புது வீட்டுக்கு வரும், நானே தூக்கிட்டு வரேன். இல்லன்னா காயலான் கடைக்காரர வரச்சொல்லிட்டேன், எல்லாம் எடைக்குத்தான்."

ஆன்ட்டி சொன்னால் செய்கிறவர். அவர் கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பத்தடிக் குழாய் வீட்டுக்குள் நிற்காது என்பதால் அது எப்போதோ கடைக்குப் போயிருந்தது. மூடி மாட்டி, கடைச் சரக்கோடு சரக்காகச் சுவரில் சாய்த்து வைத்ததோடு சரி, அதற்குப் பிறகு பாய் அதைத் திறக்கவில்லை. மற்றக் குழாய்களில் மார்க்கர் பேனாவால் விவரம் எழுதியிருக்கும். இதில் எழுதினால் கடையைப் பார்த்துக்கொள்ளும் மச்சான் படித்துவிட்டுக் கிண்டல் செய்வான் என்று, பாய் ஆன்ட்டியின் நெயில் பாலிஷை எடுத்து மார்பு உயரத்தில் ஒரு வளையம் மட்டும் போட்டிருந்தார். போய்ப் பார்த்தால் குழாய் இல்லை.

மச்சான் என்பவர் ஆன்ட்டியின் தம்பி. பாய் விழாவுக்கு ஓடும்போதெல்லாம் கல்லாவில் உட்காருகிறவர். அவர் தலையைச் சொறிந்தார். ரொம்ப நாளுக்கு முன் யாரோ வந்து நேராக, லேசாக, மூடியோடு வேண்டும் என்றார்களாம். மூடி மாட்டியே ஒன்று நின்றதாம். கொடுத்துவிட்டாராம்.

"ஆட்டிப் பாத்தா உள்ள சரசரன்னுச்சு மச்சான். எலி புழுக்கன்னு நெனச்சேன்."

பாய் அங்கிருந்த ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். பார்க்க நன்றாக இல்லை.

அடுத்த சனி, ஞாயிறுகளில் நானும் பாயும் தேடக் கிளம்பினோம். மச்சானின் நினைவிலிருந்த வாடிக்கையாளர்களைத் தெரு வாரியாகப் பிரித்து வைத்திருந்தேன். செம்பாக்கம் முடித்து, ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம், கோவிலம்பாக்கம் என்று ஸ்கூட்டர் போனது. நான் ஸ்டாண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால். ஒவ்வொரு வீட்டிலும் பாய் இறங்கி, சுவரோரம் போகும் குழாயில் காதை வைத்து, விரலால் தட்டிப் பார்ப்பார். நான் கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையோடு, கையில் பேடும் பேனாவுமாகப் பின்னால் நிற்பேன்.

ஏரியில் கழிவுநீர் விடுகிறவர்களைப் பிடிக்க ஆள் வருகிறார்கள் என்று அந்தச் சமயத்தில் ஒரு பேச்சு. எங்களைப் பார்த்ததும் ஒரு வீட்டில் காபி வந்தது. இன்னொரு வீட்டில் காபியோடு அதிரசமும் வந்தது. கோவிலம்பாக்கத்தில் ஒருவர் நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே, "மேடம், அந்த லைன் பக்கத்து வீட்டுக்காரரோடது" என்று காட்டிக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்த பாய், துக்கத்தை மறந்து கேமராவைத் தூக்கினார். "இன்னொண்ணு" என்றும் சொன்னார். அந்தத் தெருவை விட்டு நாங்கள் வெளியேறிய வேகத்தில் ஸ்டாண்டின் ஒரு கால் அங்கேயே தங்கிவிட்டது.

குழாய் கிடைக்கவில்லை. என் பட்டியலில் டிக் அடிக்க இடமில்லாமல் போயிற்று. ஜனவரி இருபத்தேழு காலை மினி லாரி வரும், கூடவே காயலான் கடைக்காரரும் வருவார்.

இருபத்தாறாம் தேதி காலையில் எங்கள் அடுக்ககத்தில் கொடியேற்றம். வருடா வருடம் வருகிற பாய் அன்றும் வந்தார். ஒரு கால் இல்லாத ஸ்டாண்டைச் செங்கல் மேல் நிறுத்தி, வழக்கம்போலக் கொடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். விரல் மட்டும் எழவில்லை. ஒன்று எடுத்தார், நிறுத்தினார். கூட்டத்தில் நின்ற என் அம்மாவே, "ஏன் பாய், இன்னொண்ணு இல்லையா?" என்று கேட்டார்.

சங்கத் தலைவர் கயிற்றை இழுத்தார். கொடி விரியவில்லை. இன்னும் இழுத்தார். முடிச்சு இறுகியது. "டெக்னிக்கல் ஆளக் கூப்பிடுங்க" என்றார். என்னைத்தான் சொன்னார். கம்பத்தை லேசாக உலுக்கலாம் என்று போனேன். எங்கள் கொடிக் கம்பம் ஒன்றும் பிரமாதமில்லை. பெயிண்ட் வாளியில் சிமெண்ட் கொட்டி நட்டு வைத்த வெள்ளைக் குழாய்தான், நான் செயலாளர் ஆவதற்கு முன்பே தலைவர் வாங்கிப் போட்டது. உலுக்கினேன். பூ உதிர்ந்தது, கொடி விரிந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். கம்பத்துக்குள் ஏதோ சரசரவென்று இறங்கியது.

என் மார்பு உயரத்தில் மெரூன் நிறத்தில் ஒரு வளையம்.

"பாய், இந்தப் பக்கம் திரும்புங்க."

"இரும்மா, கை தட்டறாங்க."

"பாய். ஒரே ஒரு தடவ மேடையப் பாருங்க."

திரும்பினார். இத்தனை வருடமாக அந்தக் கம்பத்துக்கு ஒரு கை தூரத்தில், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று படமெடுத்திருக்கிறார். ஒருமுறை அதில் சாய்ந்துகூட நின்றிருக்கிறார். எனக்கு நினைவிருக்கிறது.

கொடியை மாலையில் முறைப்படி இறக்கிய பிறகுதான் கம்பத்தைத் தொட விடுவேன் என்று தலைவர் சொல்லிவிட்டார். அதில் தவறு சொல்ல முடியாது. பாய் அன்று பகல் முழுக்கக் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். நாற்காலி போட்டோம், அதையும் சுற்றினார். சாப்பாட்டுத் தட்டோடு சுற்றினார். மூன்று மணிக்குத் தலைவரிடம் போய், இன்றைக்கு சூரியன் சீக்கிரம் இறங்குகிற மாதிரி தெரிகிறதே என்றார்.

சாயங்காலம் கொடியை இறக்கி, மடித்து, தலைவர் உள்ளே கொண்டு போனார். ஜரீனா ஆன்ட்டியை அழைத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். மேல் மூடியைக் கழற்றி, மச்சானும் வாட்ச்மேனும் சிமெண்ட் வாளியைத் தலைக்கு மேல் தூக்க, குழாயிலிருந்து சுருள் சுருளாகப் படங்கள் கொட்டின. எதுவும் நனையவில்லை. எதுவும் நேராகவும் நிற்கவில்லை, விரித்தால் உடனே சுருண்டுகொண்டன. ஆளுக்கொரு மூலையில் செல்போனையும் செருப்பையும் வைத்து அழுத்தினோம்.

எல்லாம் ஒரே படம். அதே வீட்டு வாசல், அதே பச்சைக் கேட், கேட்டைப் பிடித்துக்கொண்டு ஜரீனா ஆன்ட்டி. ஒன்றில் கையில் கரண்டி. ஒன்றில் இடுப்பில் மகள். ஒன்றில் மகள் ஆன்ட்டியின் தோள் உயரம். ஒன்றில் மகள் இல்லை, முன்முடி நரைத்திருக்கிறது. எல்லாவற்றிலும் ஆன்ட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆன்ட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இது எப்பங்க எடுத்தது?"

"கிளம்பறப்ப. லைட் பாக்கறேன்னு ஒண்ணு எடுப்பேன்ல."

"லைட் பாக்கறீங்கன்னுதான் நான் நின்னுட்டிருந்தேன்."

"ஆமா. லைட்டுதான் பாத்தேன்."

வாளியை இறக்காமலே மச்சான் எங்கோ பார்த்தார்.

"எல்லாத்துலயும் திட்டிக்கிட்டே இருக்கேன்" என்றார் ஆன்ட்டி.

"இதுல சிரிக்கற பாரு."

ஆன்ட்டி அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்ப உங்களுக்குப் பின்னாடி மாடு வந்துட்டிருந்துச்சு" என்றார். ஆனால் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சிறிது நேரம் கழித்து, துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சும்மா ஏன் நிக்கறீங்க? லைட் போகப் போவுது."

பாய் கேமராவை எடுத்தார். எடுத்ததும் விரலைத் தூக்கினார்.

மறுநாள் காலை காயலான் கடைக்காரர் ஒரு ஓட்டை வாளியும் ஒரு மின்விசிறி இறக்கையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனார். குழாயெல்லாம் கூடுவாஞ்சேரிக்குப் போயின. ஆன்ட்டி சொன்னபடி அவரும் தூக்கினார். அங்கே வாசலில் கேட் கிடையாது, லிஃப்ட்தான். லிஃப்ட் கதவு மூடுவதற்குள் பாய் படம் எடுத்தாக வேண்டியிருக்கிறதாம், ஒவ்வொரு முறையும் கதவைக் காலால் தடுக்கிறாராம், அடுக்ககத்தில் புகார் வந்திருக்கிறதாம். போனில் ஆன்ட்டி சொன்னார். குரலில் புகார் இல்லை.

எங்கள் கொடிக்கு இரும்புக் கம்பம் வாங்கிவிட்டோம். போன மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். எல்லோரும் சந்நிதியைப் பார்த்து நிற்க, நான் மட்டும் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எங்காவது இரண்டு கால் ஸ்டாண்டு ஒன்று செங்கல்லைத் தேடிக்கொண்டு வருகிறதா என்று.