எட்டாவது வால்வு

இந்த ஞாயிற்றுக்கிழமையோடு காரின் வாயை அடைத்துவிடுவது என்று சர்வேயர் சபதம் எடுத்தார்.

கார் பழசு. எட்டு வால்வும் 'டக்டக்' என்று தெரு முழுக்கத் தாளம் போடும். தெருமுனையில்தான் பேக்கரி. அங்கே அந்தச் சத்தம் நின்றால் வீட்டில் மனைவி கடிகாரத்தைப் பார்ப்பாள். ஐந்து நிமிடம் கழித்து அவர் உள்ளே நுழைந்ததும், "எத்தனை கேக்?" என்பாள். சர்க்கரை ஏறிக் கிடக்கும் மனிதர் ஒரு துண்டு கேக்குக்காக எத்தனை பொய்தான் சொல்வார்?

"திடீர்னு என்ன டேப்பட் செட் பண்ற ஆசை?"

"இன்ஜினோட ஆயுசு முக்கியம்மா."

"ஓஹோ. உங்க ஆயுசு?"

சர்வேயர் காதில் போட்டுக்கொள்ளாமல் இன்ஜின் மூடியைக் கழற்றினார். டேப்பட் செட் பண்ணுவதென்றால், வால்வுக்கும் அதை அமுக்கும் இரும்புக் கைக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்றைச் செருகி, அது லேசாக உரசிக்கொண்டு வரும்படி திருகை முடுக்க வேண்டும். இடைவெளி கூடினால் சத்தம். அவ்வளவுதான் விஷயம். ஊர் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளப்பவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா? ஆனால் அன்றைக்கென்று பார்த்து மூக்குக்கண்ணாடியைக் காணோம். தகடுகளின் கனத்தைச் சொல்லும் நம்பர் எறும்பு மாதிரி ஊர்ந்தது.

"கார் புத்தகத்துல எந்தத் தகடுன்னு பார்த்து எடுத்துக் குடேன்."

எடுத்துக் கொடுத்தாள். அவள் பஸ் மெக்கானிக்கின் மகள் என்பது இருபது வருஷக் குடித்தனத்தில் அவருக்கு மறந்தே போயிருந்தது.

மத்தியானத்துக்குள் சத்தம் அடங்கி, இன்ஜின் இருக்கும் இடமே தெரியவில்லை. சர்வேயருக்குத் தலைகால் புரியவில்லை. நிஜமாகவே ஓடுகிறதா என்று இரண்டு தடவை பானட்டைத் திறந்து பார்த்துக்கொண்டார்.

மறுநாள் மாலை, வேலை முடிந்து வந்தவர் ராஜா மாதிரி பேக்கரி வாசலில் இறங்கினார். ஒன்றுக்கு இரண்டாகக் கேக்கை உள்ளே தள்ளினார். வாயைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினார். கார் இருமியது. மறுபடி திருப்பினார். ஊஹூம். பேக்கரிக்காரர் வந்து தள்ளிப் பார்த்தார். அவருக்குத்தான் மூச்சு வாங்கியது.

அப்போது ஸ்பானரும் கையுமாக மனைவி வந்து நின்றாள்.

"சத்தமே வரலையே, எப்படித் தெரிஞ்சுது?"

"ஆறு மணியாச்சு, ஆளைக் காணோம். வேற எங்க இருப்பீங்க? புத்தகத்துல இருபதாம் நம்பர் தகடுன்னு போட்டிருந்துச்சு. நான் அஞ்சைக் குடுத்தேன். இறுக்கமா வச்சா, சூட்டுல வால்வு நீண்டு சரியா மூடாது. ஓடுற வரைக்கும் ஓடும். நடுவுல நிறுத்தினா, ஆறுற வரைக்கும் கிளம்பாது. நேரா வீட்டுக்கு வந்திருந்தா உங்களுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்து நீட்டினாள்.

சர்வேயர் தன் சர்வீஸில் இவ்வளவு துல்லியமான அளவைப் பார்த்ததில்லை. கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இன்ஜின் ஆறும்வரை இருவரும் பேக்கரியிலேயே உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள். அவள் கேக் சாப்பிட்டாள். அவர் சர்க்கரை போடாத டீயை ஊதி ஊதிக் குடித்தார். பிறகு அவள் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பேக்கரியே வேடிக்கை பார்க்க, இன்ஜினுக்குள் குனிந்தாள்.

சாவியைத் திருப்பியதும் கார் பிடித்துக்கொண்டது. 'டக்... டக்... டக்...'

"என்னம்மா, இன்னும் சத்தம் வருதே?"

"ஏழு வால்வை இன்ஜினுக்காக செட் பண்ணியாச்சு," என்றாள் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே. "எட்டாவது எனக்கு."